யாருக்கும் சொந்தமில்லாத களிமண் உருண்டை

யான் ஷ்வாங்க்மயெர் 1982இல் எடுத்த ‘உரையாடலின் சாத்தியங்கள்’ என்ற செக் குறும்படத்தைப் பற்றி எனக்கும் என் நண்பர் ஒருவருக்கும் இடையே தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘டைமென்ஷன்ஸ் ஆஃப் டயலாக்’ என்று தேடினால் கிடைக்கும், ஏறக்குறைய 12 நிமிடம் ஓடும் அனிமேஷன் படம் அது. உரையாடல் என்று பெயர் வைத்திருந்தாலும் அதில் யாரும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. நண்பர்கள் சிலர் அவ்வப்போது ஒரு வீட்டின் மொட்டைமாடியில் கூடிச் சுவரில் படம் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். அங்கேதான் இதையும் திரையிட்டோம். படம் முடிந்ததும் வழக்கமாகத் தொடங்கும் பேச்சு தொடங்கவில்லை. ஒருவர் கைபேசியை எடுத்துப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். இன்னொருவர் கையிலிருந்த தின்பண்டத் தட்டைத் தரையில் வைத்துவிட்டார். அப்போதுதான் நண்பர் வாய் திறந்தார். “கம்யூனிஸ்ட் ஆட்சியில எடுத்த படங்க. எல்லாரையும் அரைச்சு ஒரே அச்சுல வார்த்துடுற அரசாங்கத்தைப் பத்தினது. அவ்வளவுதான் விஷயம்” என்றார். அதைக் கேட்டதும் அங்கிருந்தவர்களின் தோள்கள் தளர்ந்ததை நான் கவனித்தேன். எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். தரையில் வைத்த தட்டு மறுபடியும் மடிக்கு வந்தது.

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. என் சிக்கலே அதுதான். பிழையாக இருந்திருந்தால் மறுத்துப் பேசிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன். விளக்கம் சரியாகவே இருந்தும், படம் ஓடிக்கொண்டிருந்தபோது என் பல்லீறுகளிலும் விரல் நுனிகளிலும் நான் உணர்ந்த ஒன்றைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. அதைவிட முக்கியமாக, அவ்வளவு கூச்சத்தை உண்டாக்கிய படத்தை மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அன்றிரவே எனக்குத் தோன்றியது ஏன் என்பதற்கும் அதில் பதில் இல்லை. அருவருப்பின் வேலை நம்மை விலக்குவது. இந்த வகைப் படங்கள் தரும் அருவருப்போ நம்மைக் கிட்டத்தில் இழுத்து உட்கார வைக்கிறது.

பெயர் கேட்கும் பழக்கம்

பேய் பிடித்ததாகக் கருதப்படுகிறவரைக் கோடாங்கியின் முன் உட்கார வைத்தால், உடுக்கையை அடித்துக்கொண்டே அவர் கேட்கும் முதல் கேள்வி ‘நீ யார், எந்த ஊர்’ என்பதாகத்தான் இருக்கும். பெயர் வெளியே வந்துவிட்டால் சுற்றி நிற்பவர்களுக்குப் பாதி பயம் போய்விடும். அது இன்னாருடைய ஆவி, இன்ன குறையோடு போனது, இன்னது கொடுத்தால் இறங்கும் என்று பேரம் பேசத் தொடங்கிவிடலாம். விசித்திரமான குறும்படங்களிடமும் நாம் இதையே செய்கிறோம். ‘நீ எதைப் பற்றியது’ என்று கேட்கிறோம். சர்வாதிகாரம், நுகர்வுக் கலாச்சாரம், திருமண உறவின் முறிவு என்று அது ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் போதும், நாம் மூச்சு விடலாம்.

ஷ்வாங்க்மயெரின் விஷயத்தில் இந்தப் பெயர்சூட்டலுக்கு வலுவான ஆதாரங்கள் இருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். 1934இல் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராகில் பிறந்தவர் அவர். பொம்மலாட்டக் கலையைப் படித்துவிட்டு நாடகத்தில் வேலை பார்த்து, 1964இல் முதல் குறும்படத்தை எடுத்தார். 1968இல் சோவியத் டாங்கிகள் அந்நகருக்குள் நுழைந்ததற்குப் பிந்தைய இறுக்கமான காலத்தில்தான், 1970இல், அவரும் ஓவியரான அவர் மனைவி எவா ஷ்வாங்க்மயெரோவாவும் கனவின் தர்க்கத்தைக் கலைக்குள் கொண்டுவர முயன்ற செக் சர்ரியலிசக் குழுவில் சேர்ந்தார்கள். 1972இல் எடுத்த ‘லியோனார்டோவின் நாட்குறிப்பு’ படத்துக்குப் பிறகு அதிகாரிகளுடன் உரசல் முற்றி, எழுபதுகளின் பெரும்பகுதியில் சொந்தப் படம் எதையும் எடுத்து வெளியிட முடியாமல், மற்றவர்களின் படங்களுக்குத் தந்திரக் காட்சிகளும் தலைப்புகளும் செய்துகொண்டிருந்தார். ‘உரையாடலின் சாத்தியங்கள்’ 1983இல் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த குறும்படத்துக்கான தங்கக் கரடியையும், அதே ஆண்டு பிரான்சின் அனெசி அனிமேஷன் விழாவில் பெரும் பரிசையும் வென்றது. உள்நாட்டிலோ கம்யூனிஸ்ட் கட்சியின் கருத்தியல் ஆணையத்துக்கு, எவ்வகைப் படங்களை அனுமதிக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாக, அதைப் போட்டுக் காட்டினார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகு ஒருவர் அந்தப் படத்தில் அரசியலைப் பார்க்காமல் இருந்தால்தான் வியப்பு.

ஆனாலும் அந்த விளக்கம் ஒரு காரியத்தைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. பயத்தை வேறொருவருடையதாக மாற்றிவிடுகிறது. அந்த நாட்டில், அந்தக் காலத்தில், அந்த அரசின் கீழ் இருந்தவர்களுக்கு அப்படி இருந்தது, நமக்கென்ன? கலைப்படைப்பை வரலாற்று ஆவணமாக வாசிப்பதை நான் மதிக்கிறேன், பல படங்களுக்கு அது அவசியமும்கூட. ஆனால் செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடே வரைபடத்தில் இல்லாமல் போன பிறகும், அதன் அரசியலைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவருக்கு அந்தப் படத்தைப் பார்க்கையில் தாடை இறுகுகிறது என்றால், அந்த இறுக்கத்துக்கு வேறு ஏதோ வேர் இருக்க வேண்டும்.

நார்மன் மெக்லாரன் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக 1952இல் எடுத்த ‘அண்டை வீட்டார்’ என்ற குறும்படத்தை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு பூ முளைக்கிறது. அது யாருடையது என்று இரண்டு மனிதர்கள் சண்டையிட்டு, கடைசியில் ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். பொம்மைகளை அசைப்பதுபோல உயிருள்ள மனிதர்களையே ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் படம்பிடித்திருப்பதால், அவர்கள் நின்ற நிலையில் புல்தரையில் வழுக்கிச் செல்வதையும் காற்றில் மிதப்பதையும் பார்க்கையில் உடல் கூசுகிறது. இருவரும் எதிராளியின் மனைவியையும் கைக்குழந்தையையும் தாக்கும் பகுதி அமெரிக்க வெளியீட்டுக்காக ஒரு காலத்தில் நீக்கப்பட்டுப் பின்னர் சேர்க்கப்பட்டது. இவ்வளவு கடுமையான படம், முடியும்போது ‘உன் அயலானை நேசி’ என்று பல மொழிகளில் எழுதிக் காட்டுகிறது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டில் மெக்லாரனுக்கு அந்த வாசகம் தேவைப்பட்டிருக்கலாம். அவருடைய நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த எழுத்துகள் தோன்றும் நொடியில் எங்கள் மொட்டைமாடியில் நடந்ததே எனக்குள்ளும் நடக்கிறது. தோள்கள் தளர்கின்றன. படம் தானே முன்வந்து தன் பெயரைச் சொல்லிவிடுகிறது. ஷ்வாங்க்மயெர் அந்த உதவியை நமக்குச் செய்வதில்லை.

பொருத்தத்தின் இன்பம்

படம் மூன்று பகுதிகளால் ஆனது. முதல் பகுதியில் பக்கவாட்டில் தெரியும் தலைகள் வருகின்றன. ஒன்று காய்கனி முதலான உணவுப்பொருட்களால் ஆனது, ஒன்று சமையலறைத் தளவாடங்களால் ஆனது, மற்றொன்று புத்தகம், காகிதம், எழுதுபொருட்களால் ஆனது. பதினாறாம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் அரசவையில் இருந்த இத்தாலிய ஓவியர் ஆர்ச்சிம்போல்தோ, பழங்களையும் காய்களையும் மீன்களையும் புத்தகங்களையும் அடுக்கி மனித முகங்களை வரைந்தவர். பிராகிலிருந்து ஆண்ட பேரரசர் இரண்டாம் ருடால்ஃபையே காய்கனிகளாலான முகத்தோடு தீட்டியவர். ஆகவே இந்தத் தலைகள் ஷ்வாங்க்மயெருக்கு ஊர்ச் சொத்து. ஓவியத்தில் அசையாமல் இருந்து நம்மைப் புன்னகைக்க வைத்த அந்த முகங்கள் இங்கே ஒன்றையொன்று விழுங்கத் தொடங்குகின்றன. தளவாடத் தலை உணவுத் தலையை விழுங்கி, உள்ளுக்குள் வெட்டி, நசுக்கி, துருவி வெளியே கக்குகிறது. பிறகு காகிதத் தலை தளவாடத் தலையை விழுங்குகிறது. உணவுத் தலை காகிதத் தலையை. ஒவ்வொரு சுற்றிலும் துண்டுகள் இன்னும் சிறியவையாகின்றன, தலைகள் இன்னும் மழமழப்பாகின்றன. கடைசியில் குறையே சொல்ல முடியாத, களிமண்ணாலான ஒரு மனிதத் தலை, தன்னைப் போன்றே மற்றொரு தலையைக் கக்குகிறது, அது இன்னொன்றை, அது இன்னொன்றை. நண்பரின் விளக்கம் முழுவதும் இந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது. இந்தப் பகுதிக்கு அது பொருந்தவும் செய்கிறது.

என்னைத் தொந்தரவு செய்வது மூன்றாம் பகுதி. ஒரு மேசையின் மேல் இரண்டு வயதான ஆண்களின் களிமண் தலைகள் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்று வாயைத் திறந்து நாக்கின் மேல் ஒரு பல்துலக்கியை நீட்டுகிறது. மற்றது பற்பசைக் குழாயை நீட்டி அதன் மேல் பசையைப் பிதுக்குகிறது. அடுத்து ஒரு ஷூ வருகிறது, எதிரிலிருந்து கயிறு வந்து துளைகளில் நுழைந்து முடிச்சிட்டுக்கொள்கிறது. ரொட்டிக்கு வெண்ணெய். பென்சிலுக்குத் துருவி. நான்கும் சரியாகப் பொருந்துகின்றன. இதைப் பார்ப்பதில் இருக்கும் சுகத்தை நான் மறைக்கப்போவதில்லை. பூட்டில் சாவி திரும்புவதைக் கேட்கும்போது வரும் அதே நிறைவுதான் அது. ஒவ்வொரு பொருளும் தன் இணைக்காகக் காத்திருந்ததுபோலவும், இணை வந்ததும் வேலை முடிந்ததுபோலவும் இருக்கிறது. இந்தச் சுற்றை மட்டும் வெட்டி எடுத்தால் ஒரு நல்ல விளம்பரப் படம் கிடைக்கும்.

பிறகு வரிசை மாறுகிறது. ஷூவின் மேல் வெண்ணெய் தடவப்படுகிறது. பல்துலக்கியைத் துருவி சீவித் தள்ளுகிறது. பொருட்கள் மாறினாலும் தலைகளின் நடத்தை மாறுவதில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்து நான் கண்டுகொண்டேன். கோபம் இல்லை, தயக்கம் இல்லை, ‘இது என்ன?’ என்ற ஒரு புருவ உயர்த்தல்கூட இல்லை. வெண்ணெய்க்கத்தி ரொட்டியின் மேல் எவ்வளவு கவனமாக நகர்ந்ததோ அவ்வளவு கவனமாக ஷூவின் மேலும் நகர்கிறது. நாகரிகமான ஒரு கொடுக்கல்வாங்கல் தன் விதிகளை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்துக்கொண்டே நாசத்தை நோக்கிப் போகிறது. தலைகள் விரிசல்விட்டு, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும்வரை அது நிற்பதில்லை. இங்கேதான் நான் என்னையே கையும் களவுமாகப் பிடித்தேன்: முதல் சுற்றில் எனக்குக் கிடைத்த அந்தச் சுகம் இரண்டாம் சுற்றிலும் தொடர்ந்துகொண்டிருந்தது. நடப்பது தவறு என்று மனம் சொல்லிவிட்டது. தாளத்துக்குப் பழகிவிட்ட உடலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று அது ஆவலோடு காத்திருந்தது. பார்க்கிறவரின் ஒப்புதல் அவருடைய அனுமதி இல்லாமலேயே நீட்டிக்கப்பட்டுவிடுகிறது. இந்த வகைப் படங்களின் கலக்கமூட்டும் கவர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

சர்ரியலிசம் என்றாலே தலைகீழான தர்க்கம், கனவின் குழப்பம், எதுவும் எதுவாகவும் ஆகலாம் என்ற கட்டற்ற நிலை என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. கெட்ட சோதனைப் படங்களுக்கு அது பொருந்தும். எதுவும் எதுவாகவும் ஆகலாம் என்றால் மூன்றாம் நிமிடத்தில் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். நல்ல படங்களில் நடப்பது குழப்பத்துக்கு நேர் எதிரானது. விதி மிக மிகத் தெளிவாக இருக்கிறது, எல்லோரும் அதற்குக் கீழ்ப்படிகிறார்கள், அந்த விதி எதற்காக இருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை.

நிறுத்திப் பார்த்தபோது

இரண்டாம் பகுதியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஒரு மேசையில் ஓர் ஆணும் பெண்ணும், இருவரும் களிமண். தொடுகிறார்கள், முத்தமிடுகிறார்கள், ஒருவருக்குள் ஒருவர் கரைந்து ஒரே களிமண் அலையாகப் புரள்கிறார்கள். மீண்டும் இரண்டு உடல்களாகப் பிரிந்து உட்காரும்போது மேசையின் மேல் ஒரு சிறு உருண்டை மிச்சம் கிடக்கிறது. அது இருவரில் யாருடைய உடலிலிருந்தும் குறைந்ததாகத் தெரியவில்லை. இருவருக்கும் அது வேண்டாம். அது ஊர்ந்து போய் ஒருவரைத் தொடுகிறது, அவர் தள்ளிவிடுகிறார். மற்றவரிடம் போகிறது, அவரும் தள்ளுகிறார். பிறகு அதை எடுத்து எதிராளியின் முகத்தில் எறிகிறார்கள். சண்டை மூள்கிறது, கைகள் முகங்களைப் பிய்க்கின்றன, முடிவில் இருவரும் கொதிக்கும் சேறாகிவிடுகிறார்கள். அந்த உருண்டை பிறந்த குழந்தை என்று சொல்லலாம். காதலில் தீர்க்கப்படாமல் விட்ட ஏதோ ஒன்று என்றும் சொல்லலாம். இரண்டுமே பெயர்கள்தான்.

ஒரு நாள் இந்தப் பகுதியைக் கணினியில் ஓடவிட்டு, அந்தச் சண்டையின் நடுவே நிறுத்தி, அம்புக்குறி விசையை அழுத்தி ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன். எது என்னைக் கூச வைக்கிறது என்று சரியான இடத்தில் விரல் வைத்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கூச்சம் முழுதாக மறைந்துவிட்டது. நிறுத்தப்பட்ட ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரு நல்ல சிற்பம். பிய்ந்த கன்னத்தில், அதைப் பிய்த்த களிமண் விரல்களின் தடத்தோடு, அதை வனைந்த மனிதனின் விரல் தடமும் தெரிந்தது. அருங்காட்சியகத்தில் அதை வைத்தால் சுற்றி வந்து ரசிக்கலாம். நிமிடக்கணக்கில் உற்றுப் பார்த்தும் ஒன்றும் நேரவில்லை. மறுபடி ஓடவிட்டேன், அந்த நொடியே பல்லீறு கூசியது. மறுபடி நிறுத்தினேன், போய்விட்டது. ஓடும்போது கிடைத்த இன்பமும் நிறுத்தியதும் அதனோடேயே போய்விட்டது என்பதை அதற்குச் சற்றுப் பிறகுதான் கவனித்தேன். அதுவரை நான் இவற்றை இரண்டாகப் பிரித்து, ஏதோ ஒரு கவர்ச்சி இருக்கிறது, அதை மீறி ஓர் அருவருப்பு இருக்கிறது, இரண்டும் மல்லுக்கட்டுகின்றன என்று எண்ணியிருந்தேன். இரண்டும் ஒரே விசையில் எரிந்து, ஒரே விசையில் அணைந்தன.

அனிமேஷனில் ஒரு ஃப்ரேமில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டிலும் இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பதே முக்கியம் என்ற கருத்தை மெக்லாரன் வலியுறுத்தி வந்தார். தொழில்நுட்ப அறிவுரையாக மட்டுமே அதை நான் முன்பு வாசித்திருந்தேன். நொடிக்கு 24 ஃப்ரேம் என்ற கணக்கில் 12 நிமிடப் படத்துக்கு ஏறத்தாழ 17,000 ஃப்ரேம்கள். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு கை உள்ளே வந்து களிமண்ணைத் தொட்டு, சற்றே மாற்றி, வெளியேறியிருக்கிறது. படத்தில் களிமண் உருவங்களை இயக்கியவர் விளாஸ்டிமில் பெனெஷ். அவருடைய கை ஒரு ஃப்ரேமிலும் இல்லை. ஆனால் நாம் அசைவு என்று பார்ப்பதெல்லாம் அந்தக் கை வந்து போன நேரங்களின் தொகுப்புதான். படத்தில் நாம் பார்க்கும் எதுவும், எந்தக் கணத்திலும், உண்மையில் அசைந்ததில்லை.

பொருட்களைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஃப்ரேம் ஃப்ரேமாகப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷனின் தொடக்கத்திலேயே இந்த விஷயம் அப்பட்டமாக இருந்திருக்கிறது. லாடிஸ்லாவ் ஸ்டாரெவிச் இன்றைய லிதுவேனியாவின் கவுனாஸ் நகரில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். கொம்பு வண்டுகள் சண்டையிடுவதைப் படமெடுக்க 1910 வாக்கில் அவர் முயன்றபோது, விளக்குகளின் கீழ் அவை செயலிழந்துபோயின. இறந்த வண்டுகளின் கால்களைக் கம்பியும் மெழுகும் கொண்டு பொருத்தி, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திச் சண்டையை அவரே உருவாக்கினார். 1912இல் வந்த ‘ஒளிப்பதிவாளரின் பழிவாங்கல்’ படத்தில் அந்த வண்டுகள் கள்ளக்காதலில் ஈடுபடுகின்றன, விடுதிக்குப் போகின்றன, மனைவியிடம் மாட்டிக்கொள்கின்றன. பழக்கப்படுத்தப்பட்ட உயிருள்ள பூச்சிகள் என்றே அந்நாளில் சிலர் நம்பினார்களாம். அது வேடிக்கைப் படம், இன்றைக்கும் சிரிப்பு வரும். அதே சமயம் திரையில் உள்ள ஒவ்வொரு நடிகரும் பிணம் என்பதும் மறக்க முடியாதது. 

விரல் தடத்தை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்துவிட முடியாது. பிரிட்டனின் ஆர்ட்மன் நிறுவனத்தின் வாலஸ், குரோமிட் பொம்மைகளிலும் விரல் தடங்கள் தெரிகின்றன. அங்கே அவை நமக்கு அன்பாகத் தோன்றுகின்றன, யாரோ பாசத்தோடு செய்தது என்ற நினைப்பைத் தருகின்றன. ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970இல் எழுதிய, மனிதனைப் போல இருந்தும் முழுதாக மனிதனாக இல்லாத உருவங்கள் நம்மை மிரட்டும் என்ற கருத்தும் இங்கே அதிகம் உதவுவதில்லை. பற்பசைக் குழாயும் வெண்ணெய்க்கத்தியும் எந்த விதத்தில் மனிதனைப் போல இருக்கின்றன? அதற்கு வெகு முன்பே, 1906இல், எர்ன்ஸ்ட் யென்ட்ஷ் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர், ஒரு பொருளுக்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க முடியாத தடுமாற்றத்திலிருந்துதான் இந்தத் திகில் பிறக்கிறது என்று எழுதினார். அது கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஆனால் இங்கே எனக்குத் தடுமாற்றமே இல்லை. களிமண்ணுக்கு உயிர் இல்லை என்பது எனக்கு முழு நிச்சயமாகத் தெரியும். அந்த நிச்சயத்தை என் உடல் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்பதுதான் செய்தி.

தொடுவதும் தொடாமல் போவதும்

சொந்தப் படம் எடுக்க வழியில்லாமல் இருந்த எழுபதுகளில் ஷ்வாங்க்மயெர் சர்ரியலிசக் குழுவோடு சேர்ந்து தொடுவுணர்வைப் பற்றிய சோதனைகளில் இறங்கினார். கண்ணால் பார்க்காமல் கையால் தடவி அறிய வேண்டிய பொருட்களைச் செய்து, அவை எந்தக் கற்பனைகளைத் தூண்டுகின்றன என்று ஆராய்ந்தார். அதன் பின் வந்த படங்களில் காமிரா பொருட்களுக்கு அவ்வளவு அருகில் போவதற்கும், ரொட்டியின் சொரசொரப்பும் ஈரக் களிமண்ணின் வழவழப்பும் நம் தோல்வரை வந்து சேர்வதற்கும் அதுவே பின்புலம். எனக்கு இதில் ஒரு கசப்பான நகைச்சுவையும் தெரிகிறது. படம் எடுக்காதே என்று தடுத்தவர்கள், பின்னால் அவர்களுக்கே ஒவ்வாத படத்தை எடுப்பதற்கான பயிற்சிக்கு அவருக்கு ஆண்டுக்கணக்கில் நேரம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கு எதிர்முனையில் இருக்கும் படம் என்று போலந்தின் ஸ்பிக்னியெவ் ரிப்சின்ஸ்கி 1980இல் எடுத்த ‘டாங்கோ’வைச் சொல்வேன். ஒரே ஓர் அறை. ஒரு பந்து சன்னல் வழியாக உள்ளே விழுகிறது. ஒரு சிறுவன் ஏறிக் குதித்து வந்து அதை எடுத்துக்கொண்டு போகிறான். பந்து மறுபடி விழுகிறது, அவன் மறுபடி வருகிறான். அவன் தன் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கையில் குழந்தையோடு ஒரு பெண், பொட்டலத்தைத் திருடும் ஒரு திருடன் என்று ஒவ்வொருவராக உள்ளே வந்து, அவரவர் சுற்றில் சுழலத் தொடங்குகிறார்கள். கடைசியில் 36 பேர் அந்தச் சிறிய அறைக்குள் ஒரே நேரத்தில் இயங்குகிறார்கள், ஒருவர்கூட மற்றவரைத் தொடுவதில்லை, பார்ப்பதுமில்லை. கணினி உதவி இல்லாத அந்தக் காலத்தில், ஆயிரக்கணக்கான மறைப்புத் தகடுகளைக் கையால் வரைந்து, மாதக்கணக்கில், பல காட்சிகளை ஒரே படச்சுருளில் சேர்த்துப் பதியும் ஆப்டிகல் பிரிண்டரின் முன் உட்கார்ந்து செய்த வேலை அது. 1983இல் ஆஸ்கர் கிடைத்தது. விழா இரவில் புகைபிடிக்க வெளியே போன இயக்குநர் மறுபடி உள்ளே வர முயன்று காவலர்களோடு தகராறாகிக் காவல் நிலையத்தில் முடிந்தது என்பது அந்தப் படத்துக்கே உரிய உபகதை.

‘உரையாடலின் சாத்தியங்கள்’ படத்தில் தொடாமல் எதுவும் நடப்பதில்லை. ‘டாங்கோ’வில் தொட்டால் எல்லாம் குலைந்துவிடும். இருந்தும் இரண்டும் என் உடலில் ஒரே இடத்தைத்தான் பிடிக்கின்றன. ‘டாங்கோ’வைப் பார்க்கும்போதும் ஒரு மோதல் நடந்துவிடக் கூடாதே என்று பதறுகிறேன், மோதாமல் விலகும் ஒவ்வொரு முறையும் திருப்தியடைகிறேன், அந்தத் திருப்தி எனக்கு எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. இதற்கும் போலந்தின் வீட்டுப் பற்றாக்குறை, நெருக்கடியான அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஒரு பெயர் தயாராக இருக்கிறது, அதுவும் நியாயமான பெயர்தான்.

என் அக்காள் மகள் ஒரு விடுமுறையில் என் அறைக்குள் வந்து, மூன்றாம் பகுதி ஓடிக்கொண்டிருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தாள். பள்ளிச் சிறுமி. ஷூவின் மேல் வெண்ணெய் விழுந்த இடத்தில் வெடித்துச் சிரித்தாள், தலைகள் விரிசல்விட்டபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மாமா, இன்னொரு தடவை போடுங்க” என்றாள். நான் கூசிய இடங்களில் ஒன்றுவிடாமல் அவள் சிரித்தாள் என்பதைக் கவனித்தேன். வேறு எங்கும் சிரிக்கவில்லை. பயமாக இல்லையா என்று கேட்டதற்கு, “பயமாத்தான் இருக்கு, அதனாலதான்” என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்த மவுஸை வாங்கிக்கொண்டாள். யென்ட்ஷும் மோரியும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. இரண்டாம் பகுதியை அவள் தொடும் முன் கணினியை மூடினேன். அதற்கு இன்னும் சில ஆண்டுகள் போகட்டும்.

ஷ்வாங்க்மயெரைப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு, இவ்வளவும் எழுதிய பிறகும், நான் முதலில் சொல்வது வேறொரு படம்: 1989இல் வந்த ‘இருள், ஒளி, இருள்’. ஒரு சிறிய அறைக்குள் முதலில் ஒரு கை வருகிறது, பிறகு மற்றொரு கை, கண்கள், காதுகள், நாக்கு, மூளை என்று உடலின் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கதவு வழியாகவும் சன்னல் வழியாகவும் வந்து, சில தவறான பொருத்தங்களுக்குப் பின் தம் இடத்தைக் கண்டுபிடித்து ஒரு முழு மனிதனாகச் சேர்கின்றன. எல்லாம் பொருந்தி முடிந்ததும் அந்த மனிதன் அறை முழுவதும் அடைத்துக்கொண்டு, நிமிரவும் முடியாமல் குறுகிக் கிடக்கிறான். சுகமும் திகிலும் ஒன்றுதான் என்று நான் சுற்றி வளைத்துச் சொன்னதை அந்தப் படம் ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறது, சிரிக்கவும் வைக்கிறது. அதற்குப் பிறகு ‘உரையாடலின் சாத்தியங்கள்’. மூன்றாவதாக 1992இல் வந்த ‘உணவு’. அதில் காலை உணவுக்கு வருகிறவர், எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் வாயில் காசைப் போட்டு, அவர் மார்புக்குள்ளிருந்து சாப்பாட்டைப் பெற்றுக்கொண்டு, சாப்பிட்டு முடித்ததும் அடுத்தவருக்குத் தானே இயந்திரமாகிவிடுகிறார். மதிய உணவும் இரவு உணவும் அதைவிட மோசம். அதை மட்டும் வெறும் வயிற்றிலும் பார்க்க வேண்டாம், சாப்பிட்ட உடனேயும் பார்க்க வேண்டாம்.